நாங்கள் பேசக் கற்றுக்கொண்ட வரலாறு



"மலருக்கு நம்ம வரலாறு ஏதாவது எழுதித் தாங்கக்கா" என்று கூட்டமைப்புச் செயலாளர் கேட்டார். சேமிப்பையும் கடனையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், நான் பேச்சைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். நாம் பணம் சேர்த்த கதை தீர்மானப் புத்தகத்திலும் பாஸ்புக்கிலும் இருக்கிறது. பேசக் கற்றுக்கொண்ட கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் அது முதலில் குழுக்கள் அமைத்தது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டம் ஆனது. எங்கள் ஊர்க் குழு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆரம்பித்தது. பத்தாவது வரை படித்தவள் என்பதால் என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். கணக்கு எழுதத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். நாலு பேர் முன்னால் பேச மட்டும் தெரியாது. அது ஒரு குறை என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் மேலதிகாரி ஒருவர் குழுவைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன். பள்ளிக்கூடத் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்து, "ஊர்ல என்னம்மா குறை? பயப்படாம சொல்லுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரிதான் கிணற்றடியில் அதைப் பேசிக்கொண்டோம். ஆனால் எழுந்து நின்றதும் கால் நடுங்குது, தொண்டை காயுது. "ஒண்ணும் இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் நோட்டில் "குறை ஏதும் இல்லை" என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குறை தண்ணீர்தான். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்க ஆகாது. குழந்தையிலிருந்து அதைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல வருஷம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகி, குனிந்து நிமிர முடியாமல் போகும். எங்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கறைப் பல். சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள், பேசினாலும் மூடிக்கொள்வார்கள். எந்தக் குறையைச் சொல்ல வேண்டுமோ அதுவே எங்கள் வாயை மூடி வைத்திருந்தது.

சட்டம் நமக்கு இடம் கொடுத்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016-இல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தார்கள். கிராம சபைக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்றும் கணக்கு உண்டு. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், அதற்கு மேல் பத்தாயிரம் வரை 200 பேர். அந்தக் கணக்கை நிரப்ப எங்களைத்தான் கூப்பிடுவார்கள். போவோம், கையெழுத்துப் போடுவோம், டீ குடித்துவிட்டு வருவோம். வாசித்த தீர்மானம் என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாது.

2014-இல் ஒரு மாற்றம் வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, ஓசூரிலிருந்து கணக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சு மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். எங்கள் அமைதியைப் பார்த்துவிட்டு, "கணக்கு அப்புறம் இருக்கட்டும், முதல்ல பேசிப் பழகலாம்" என்றார். அந்த மன்றத்தின் கதையை அவர்தான் சொன்னார்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா என்ற ஊரில், 1924 அக்டோபர் 22-ஆம் தேதி ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அதை ஆரம்பித்தார். பெரிய மேடை கிடையாது. சிலர் கூடுவார்கள். ஒருவர் சில நிமிஷம் பேசுவார், இன்னொருவர் நேரம் பார்ப்பார், வேறொருவர் நிறைகுறை சொல்வார். அடுத்த முறை வேலைகள் மாறும். ஆனால் அந்த மன்றம் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1938-இல் எர்னஸ்டின் ஒயிட் என்ற பெண்மணி முன்னின்று சான்ஃபிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென்று தனி மன்றம் தொடங்கினார். 1970-இல் ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண் ஆண்கள் மன்றத்தில் சேர்ந்தபோது, அவர் பெயரை ஹோமர் என்று ஆம்பளைப் பெயராக எழுதித்தான் பதிவு செய்ய முடிந்தது. 1973-இல் கதவு திறந்தது. அதே ஹெலன் 1985-இல் அந்த அமைப்பு முழுவதற்கும் உலகத் தலைவர் ஆனார்.

இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி, "அப்போ அங்கயும் நம்ம கதைதானா!" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு வாயை மூடாமல் சிரித்தாள்.

அந்த முறையை எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம். மாதம் இரண்டாவது சனிக்கிழமை, குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம். ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று ஜாக்கெட் துணி வைத்திருப்போம். இரண்டு நிமிஷத்தில் பச்சை, இரண்டரையில் மஞ்சள், மூன்றில் சிவப்பு. சிவப்பைக் காட்டினால் முடித்துவிட வேண்டும். பேசுகிறவர் "அது வந்து", "வந்துங்க" என்று இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தி கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். என் முதல் பேச்சில் பத்தொன்பது விழுந்தது! நிறைகுறை சொல்பவர் நல்லது இரண்டு சொன்ன பிறகுதான் திருத்தம் ஒன்று சொல்லலாம். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி: யாரும் சிரிக்கக் கூடாது. புதிதாக வந்தவர் பெயரும் ஊரும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் கை தட்ட வேண்டும்.

முதல் பேச்சு அவரவர் சொந்தக் கதையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நான் "குறை ஏதும் இல்லை" என்று எழுதப்பட்ட அந்த நாளைச் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்தபோது அழுதுவிட்டேன். கடைசித் தெருவில் இருக்கும் ஒரு தங்கை எழுந்து, "அக்கா, அந்தக் குறை எங்க தெருவுல இன்னும் இருக்கு" என்றாள்.

உண்மைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. காவிரித் தண்ணீர் எங்கள் ஊருக்கும் வந்தது. ஆனால் குழாய் அந்தத் தெருவுக்குத் திரும்பும் இடத்தோடு நின்றுவிட்டது. அவர்கள் பழைய போர் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவள் மகனுக்கு அப்போதுதான் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்திருந்தது. அதிலும் கறை.

எட்டு மாதம் பழகினோம். அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாள். "கஷ்டப்படறோம்னு மட்டும் சொன்னா போதாது, என்ன வேணும்னு சொல்லு" என்று திருத்தினோம். எத்தனை வீடு, எத்தனை மீட்டர் குழாய், எந்த இடத்தில் நிற்கிறது என்று எண்ணி, அளந்து எழுதிக்கொண்டாள். கிண்ணத்தில் விழும் கொட்டை மாசாமாசம் குறைந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் அவள் எழுந்தாள். "உக்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் உட்காரவில்லை. முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது, வாய் பக்கம் போகவில்லை. "எங்க தெருவுல 34 வீடு. குழாய் நின்ன இடத்துல இருந்து 210 மீட்டர். என் பல்லைப் பாருங்க. என் பையன் பல்லும் இப்படித்தான் ஆகுது. இன்னைக்கே தீர்மானம் எழுதணும், எழுதினதை வாசிச்சுக் காட்டணும்" என்றாள். மூன்று நிமிஷம் ஆகவில்லை. வாசித்துக் காட்டின பிறகுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாளே தண்ணீர் வரவில்லை. மனு, நினைவூட்டல், மறுபடி கிராம சபை என்று ஒன்றரை வருஷம் ஆனது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அவள் மகன் பல்லில் விழுந்த கறை போகாது. ஆனால் அதற்குப் பிறகு பிறந்த அவள் மகளுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது.

அன்றைக்கு அந்த அதிகாரி கேட்டபோது நான் வாயைத் திறந்திருந்தால் ஊருக்கு அப்போதே விடிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நோட்டில் உண்மை இருந்திருக்கும். பேச்சு பிறவியில் வருவது என்று நினைத்துத்தான் நாம் பயந்து ஒதுங்குகிறோம். தையல் பழகுகிற மாதிரி அதையும் பழகலாம். சிரிக்காமல் கேட்க பத்துப் பேர் இருந்தால் போதும்.

எனக்கு இப்பவும் எழுந்து நின்றால் கால் நடுங்குது. நடுங்கிக்கொண்டே பேசிவிடுகிறேன். இரண்டாவது சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. புதுக் குழுச் சகோதரிகள் வாங்க. கிண்ணமும் புளியங்கொட்டையும் தயாராக இருக்கு.