மத்தித் தலைக்காரிகளின் ஊர்

நெய்தல் திணையைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். நிலம், பொழுது, கருப்பொருள் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்யும். இந்தக் கரையில் வேலைக்குப் போன பெண்கள் எந்த வழியாக, எந்நேரத்தில் நடந்தார்கள்? பிரான்சின் துவார்னெனே என்ற சிறிய மீன்பிடி ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது இந்தக் கேள்வியோடுதான்.

பிரெத்தாஞ்ஞ் பகுதியின் மேற்குக் கோடியில், அகன்ற வளைகுடா ஒன்றின் தென்கரையில் இருக்கிறது துவார்னெனே. பிரெத்தோன் மொழியில் இப்பெயருக்குத் 'தீவின் நிலம்' என்று பொருள் சொல்கிறார்கள். அந்தத் தீவு கரைக்கு மிக அருகிலுள்ள திரிஸ்தான் தீவு. கடல் வற்றும் நேரத்தில் அங்கே நடந்தே போகலாம். கிழக்கே ரோஸ்மர் துறைமுகம். மேற்கே போர்-ரூ என்ற கழிமுகம். அதன் மறுகரையில் உள்ள திரேபூல் 1945இல்தான் இந்த ஊரோடு இணைந்தது.

ஊரின் அடையாளங்களில் இரண்டு என்னை நிறுத்திவைத்தன. முதலாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்த வளைகுடாவின் அடியில் 'ஈஸ்' என்ற நகரம் மூழ்கிக் கிடப்பதாகக் கதை. அரசன் கிராத்லோனின் மகள் தாஹுத், தந்தையிடமிருந்து சாவியைத் திருடிக் கடற்கதவைத் திறந்துவிட்டாளாம். மகளைக் குதிரையிலிருந்து கடலில் தள்ளிவிட்ட பிறகே தந்தை தப்பினாராம். ஊர் அழிந்ததற்குப் பழி பெண்மேல். இரண்டாவது, ப்ளோமார்க் சரிவில் உள்ள ரோமானியர் காலத்துக் கல்தொட்டிகள். மீனை உப்பிலிட்டு ஊறவைத்துச் சாறு எடுத்த இடம் அது. இந்த ஊரில் கிடைத்த ரோமானியக் கல்வெட்டு ஒன்றில், கடல் தெய்வத்துக்குச் சிலை நிறுத்திய கையஸ் வரேனியஸ் வாரஸ் என்பவரின் பெயர் இருக்கிறது. தொட்டியில் மீனை அடுக்கிய கைகளின் பெயர் எதுவும் இல்லை.

அந்தக் கைகளின் வாரிசுகளைப் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். ஆண்கள் கடலில் பிடித்த மத்தி மீனைப் பெண்கள் ஆலைகளில் தலை நீக்கி, குடல் எடுத்து, எண்ணெயில் பொரித்து, தகர டப்பாவில் அடுக்கினார்கள். இவர்களைப் 'பென் சார்தின்' என்றார்கள். மத்தித் தலைக்காரிகள் என்று பொருள். படகு வந்தால் நள்ளிரவானாலும் மரக்காலணி ஒலிக்க ஆலைக்கு ஓட வேண்டும். மீனுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. பள்ளி வயதுச் சிறுமிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தூக்கம் வராமலிருக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள்.

1905இல் அவர்கள் ஒருமுறை போராடி, ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை மணிக்கூலியாக மாற்றியிருந்தார்கள். 1924இல் அந்த மணிக்கூலி 80 சென்டிம். நவம்பர் 21ஆம் தேதி, தகர டப்பா செய்யும் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களில் ஊரின் எல்லா மீன் ஆலைகளும் நின்றன. 'ஐந்து ரியால் கிடைத்தே தீரும்' என்று பிரெத்தோன் மொழியில் முழங்கியபடி பெண்கள் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஐந்து ரியால் என்றால் 1 பிராங்க் 25 சென்டிம். ஊரின் கம்யூனிஸ்ட் மேயர் தனியேல் ல ஃபிளான்ஷெக் அவர்களோடு நின்றார். 1925 புத்தாண்டு நாளில், வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தவர்கள் அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள். அந்தக் குண்டு முதலாளிகளுக்கே எதிராகத் திரும்பியது. ஜனவரி 6ஆம் தேதி போராட்டம் முடிந்தபோது, கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் மணிக்கு 1 பிராங்க் கிடைத்தது. இரவு வேலைக்கும் கூடுதல் நேரத்துக்கும் தனிக்கூலி கிடைத்தது.

அந்தப் பெண்களில் ஒருவர் ஜோசஃபின் பென்கலே. 1886இல் பிறந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகளை ஆலைக் கூலியில் வளர்த்தவர். 1925 மே மாத நகரசபைத் தேர்தலில் கம்யூனிஸ்ட் பட்டியலில் நின்று வென்றார். பிரான்சில் அப்போது பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அவரோடு தெருவில் நடந்த எந்தப் பெண்ணும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது, அவரே தனக்கு வாக்களித்திருக்க முடியாது. ஆண்களின் வாக்கில் வென்ற அவரை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நீக்கியது. பெண்களுக்கு வாக்குரிமை 1944இல் வந்தது. முதல்முறையாக அவர்கள் வாக்களித்தது 1945 ஏப்ரலில், ஒரு நகரசபைத் தேர்தலில்தான்.

ஈஸ் நகரத்தை மூழ்கடித்தவளாக ஒரு கற்பனைப் பெண்ணைச் சொல்லிச் சொல்லி நினைவில் வைத்தது இந்தக் கரை. ஊரைத் தாங்கிய ஒரு நிஜப் பெண்ணின் இருக்கையைச் சட்டம் சில மாதங்களில் பறித்தது. வரைபடத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், நிலத்தைப் படிப்பது என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

அடுத்த முறை நெய்தல் பாடம் எடுக்கும்போது, மாணவிகளை அவரவர் ஊரை வரையச் சொல்லப்போகிறேன். கோயில், குளம், கடைத்தெரு, பேருந்து நிலையம் எல்லாம் வரைந்து முடித்த பிறகு, அம்மாவும் பாட்டியும் வேலைக்கு நடந்த வழியை வேறொரு நிறத்தில் குறிக்கச் சொல்வேன். தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும்.