மாங்குளத்துத் தாய்: 'கன்னத்தில் முத்தமிட்டால்' இறுதிக் காட்சி குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழக வணிகத் திரைப்படங்களில் ஈழத்தமிழர் இடம்பெறும் விதத்தை ஆராய்ந்தோர் இரண்டு அளவுகோல்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றனர். பேச்சுவழக்கு சரியாக வந்திருக்கிறதா என்பது ஒன்று. பாத்திரம் அகதியா, போராளியா என்பது மற்றையது. முதலாவது யாழ்ப்பாணத் தமிழை முழு ஈழத்துக்குமான தமிழாக்கிவிடுகிறது. 'தெனாலி' (2000) அதற்கு நல்ல சான்று. இரண்டாவது வெறும் பெயர்ச்சீட்டு. ஈழத்துப் பாத்திரம் தானே ஒரு முடிவை எடுக்கிறதா, அதை இந்தியப் பாத்திரங்களுக்கு விளக்காமல் விடும் உரிமை அதற்கு உண்டா என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

இக்கேள்வியோடு மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை அணுகினால், அதன் இறுதிக் காட்சி இதுவரை வாசிக்கப்பட்டதற்கு நேர்மாறாகத் தெரிகிறது. மாங்குளத்துப் பெண் ஷியாமா கர்ப்பிணியாகக் கடல் கடந்து இராமேஸ்வரம் சேர்கிறாள்; பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுத் திரும்புகிறாள். சென்னைத் தம்பதியிடம் வளர்ந்த அமுதா, ஒன்பது வயதில் தாயைத் தேடி வருகிறாள். சந்திப்பில் பிள்ளை கேள்விகளை அடுக்குகிறாள். தாயிடமிருந்து போதிய பதில் இல்லை. உடன் வரும்படி அழைத்தும் அவள் போகவில்லை.

இம்மௌனம் அரசியலைத் துடைத்தெறிந்து, ஈழத்தாயை ஊமையாக்கி, வளர்ப்புத் தாயான இந்தியாவை உயர்த்துகிறது என்பது நிலைபெற்ற வாசிப்பு. படத்தின் மற்றப் பகுதிகளுக்கு இது பெருமளவு பொருந்தும். மாங்குளம் அங்கே பெயராக மட்டுமே இருக்கிறது. கண்டி வீதியில் அதற்குத் தெற்கே உள்ள கனகராயன்குளத்தில் வாழும் எவருக்கும் குளமும் வயலும் காடும் சேர்ந்த வன்னி அந்தப் படத்தில் இல்லை என்பது உடனே புலப்படும். ஆயினும் இறுதிக் காட்சியை அதே கணக்கில் சேர்க்க முடியாது. 'தெனாலி', 'நந்தா' (2001), 'இராமேஸ்வரம்' (2007) ஆகியவற்றில் ஈழத்தவர் இந்தியக் கரைக்கு வந்து அங்குள்ளோரின் இரக்கத்துக்குள் நிற்கின்றனர். இங்கே பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது; இரக்கம் நீட்டப்படுகிறது, ஏற்கப்படவில்லை. பதில் சொல்லாமை இயலாமையாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால், பெற்ற பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்பவளை ஊமை என்பது காட்சிக்குச் செய்யும் அநீதி.

வன்னியில் படமாக்கவில்லை என்ற ஆட்சேபம் பெரிதல்ல. படம் 2002 பெப்ரவரி 14இல் வெளியானது. போர்நிறுத்த உடன்படிக்கை பெப்ரவரி 22இல் கைச்சாத்தானது. வன்னிக்கூடாகச் செல்லும் அந்தக் கண்டி வீதி (ஏ9) ஏப்ரலில்தான் திறந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெயரைத் தவிர்த்தமையும், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991க்குப் பிந்திய தமிழகச் சூழலில் வியப்பன்று. ஷியாமாவாக ஈழத்தவரல்லாத நந்திதா தாஸ் நடித்தமை கனமான ஆட்சேபம். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) புவேர்ட்டோ ரிக்கோப் பெண்ணாக நற்றலி வூட் நடித்தது பற்றி அமெரிக்க லத்தீன் மக்கள் எழுப்பும் கேள்வி நமக்கும் உரியது. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற 'தீபன்' படத்தில் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனானார். ஆனால் அதிலும் நாயகி யாழினியாக நடித்தவர் சென்னைக் கலைஞரே.

ஷியாமா மறுத்து நின்றதன் அருமையை 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) தெளிவாக்குகிறது. முன்னர் அமுதாவின் வளர்ப்புத் தாயாக நடித்த சிம்ரன், இதில் ஈழத்துத் தாய். குடும்பம் தன் பேச்சுவழக்கை மறைத்துச் சென்னையில் வாழவேண்டியிருக்கிறது. அயலவரின் அன்பைப் பெற்றே நிலைக்கிறது. அன்பான படம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் நன்மை முழுவதும் பிறருக்குப் பயன்படுவதிலேயே அளக்கப்படுகிறது. 23 ஆண்டுகளுக்கு முன் ஷியாமாவுக்குக் கிடைத்த மறுப்புரிமை இவர்களுக்கு இல்லை.

இவ்விவாதம் இதுவரை திரையை மட்டுமே வாசித்திருக்கிறது. யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் ஊர்களில் இப்படத்தைப் பார்த்தவர்களின் வாய்மொழியைக் காலம் கடத்தாமல் பதிவுசெய்ய வேண்டும்.