நாட் ரெஸ்பாண்டிங்: உறைந்து நிற்கும் விண்டோவின் கதை

இன்னைக்கு எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2006. திருச்சி. காலேஜ் முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த வருஷம். மொத்தமே நாலு பேர் இருந்த ஒரு சின்ன கம்பெனி. விஷுவல் பேசிக் 6-ல பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி மெடிக்கல் ஷாப்களுக்குக் கொடுப்போம். ஒருநாள் ஒரு கடைக்காரர் போன் பண்ணார். "தம்பி, பில் சேவ் பண்ணா ஸ்க்ரீன் அப்படியே வெள்ளையாயிடுது. மேல நாட் ரெஸ்பாண்டிங்னு வருது. கஸ்டமர்லாம் சத்தம் போடுறாங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

போய்ப் பார்த்தேன். சேவ் பட்டனை அழுத்தினா, எங்க புரோகிராம் ஒவ்வொரு மாத்திரைக்கும் பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி, ஸ்டாக் எல்லாத்தையும் உள்ளறையில இருந்த இன்னொரு கம்ப்யூட்டர்ல தேடிட்டு வரணும். பில் பெருசா இருந்தா ஏழெட்டு செகண்ட் ஆகும். அந்த நேரம் முழுக்க ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்கும். நான் கோடைத் திறந்து, ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஸ்க்ரீன் உறையறது நின்னுடுச்சு. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்பப் பெருமையா கிளம்பினேன்.

அந்த ஒரு வரி என்ன செஞ்சதுன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு விண்டோ ஏன் உறையுதுன்னு தெரியணும். டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதுற எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் மாட்டிக்கிற பிரச்சனை இது. கதை 1985-ல தொடங்குது.

அந்த வருஷம் நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 1.0 வெளியிட்டது. அதை ஓட்டக் குறைஞ்சபட்சம் 256 கேபி ராம் போதும். இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற ஒரு சாதாரண போட்டோ அதைவிடப் பெருசு. அந்த விண்டோஸ் கொண்டுவந்த அடிப்படை ஏற்பாடு இன்னைக்கும் மாறலை. நீங்க மவுஸை அழுத்தினாலும், கீபோர்டைத் தட்டினாலும், அது ஒரு மெசேஜா மாறி ஒரு வரிசையில போய் நிக்கும். புரோகிராம் அந்த வரிசையில இருந்து ஒரு மெசேஜை எடுக்கும், அதுக்கான வேலையைச் செய்யும், திரும்பி வந்து அடுத்ததை எடுக்கும். இதுக்குப் பேர் மெசேஜ் லூப்.

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரையே யோசிச்சுப் பாருங்க. கவுன்ட்டர்ல ஒரே ஆள். சீட்டை வாங்குறார், மருந்து எடுத்துக் கொடுக்கிறார், அடுத்த ஆளைக் கூப்பிடுறார். ஏதோ ஒரு மருந்து மாடி குடோன்ல இருக்குன்னு அவரே எடுக்கப் போயிட்டா? கவுன்ட்டர் காலி. "அண்ணே"ன்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. கடை திறந்துதான் இருக்கு, ஆளும் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கார். ஆனா வெளியில நிக்கிறவங்களுக்குக் கடை செத்துப்போன மாதிரி தெரியும்.

உறைஞ்ச விண்டோன்னா இதுதான். கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கிறது வேற விஷயம். இங்க மெசேஜை வாங்க வேண்டிய ஆள் குடோனுக்குப் போயிட்டார். ஸ்க்ரீனைத் திரும்ப வரையச் சொல்றதும் ஒரு மெசேஜ்தான். அதையும் வாங்க ஆள் இல்லாததாலதான் ஸ்க்ரீன் வெள்ளையாகுது.

1985-ல நிலைமை இன்னும் மோசம். ஒரு புரோகிராம் தானா முன்வந்து அடுத்த மெசேஜைக் கேட்டாத்தான் மத்த புரோகிராம்களுக்கே வாய்ப்பு கிடைக்கும். ஒரே மைக் இருக்கிற மேடை மாதிரி. பேசுறவர் மைக்கைக் கொடுக்கலைன்னா கூட்டமே அவ்வளவுதான். 1992-ல வந்த விண்டோஸ் 3.1 வரைக்கும் இதே கதை. ஆப்பிளோட பழைய மேக்கிலும் இதே முறைதான். அந்தக் கால புரோகிராமர்கள் பெரிய வேலை தொடங்குறதுக்கு முன்னாடி மவுஸ் அம்புக்குறியை மணல் கடிகாரமா மாத்திடுவாங்க. "கொஞ்சம் பொறுங்க, ஆள் கவுன்ட்டர்ல இல்லை"ன்னு போர்டு மாட்டுற மாதிரி.

எவ்வளவு நேரம்தான் மனுஷன் பொறுப்பான்? ராபர்ட் மில்லர் 1968-லயே இதைப்பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1993-ல ஜேக்கப் நீல்சன் தன்னோட புத்தகத்துல அதை மூணு எண்ணாச் சுருக்கினார். 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா, உடனே நடந்த மாதிரி இருக்கும். 1 செகண்ட் வரைக்கும் நம்ம யோசனை அறுபடாது. 10 செகண்ட் தாண்டினா கவனம் வேற எங்கயோ போயிடும். இந்த எண்கள் மனுஷ மூளையைப் பத்தினது. அதனால பிராசஸர் எத்தனை மடங்கு வேகமானாலும் இது மாறலை.

இப்ப 1991-க்கு வருவோம். விஷுவல் பேசிக் வருது. ஃபார்ம்ல பட்டனை இழுத்துப் போடு, டபுள் க்ளிக் பண்ணு, கோட் எழுது, அவ்வளவுதான். விண்டோஸ் புரோகிராமிங் அது வரைக்கும் சி மொழியில பக்கம் பக்கமா எழுதுறவங்களோட வேலை. அது திடீர்னு எல்லாருக்கும் எட்டுச்சு. ஆனா மெசேஜ் லூப் கண்ணுக்குத் தெரியாம உள்ள மறைஞ்சு போச்சு. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம ஒரு தலைமுறை புரோகிராமிங் கத்துக்கிட்டது. நானும் அதுல ஒருத்தன்.

உறையிற பிரச்சனைக்கு விஷுவல் பேசிக் கொடுத்த மருந்து டூஈவென்ட்ஸ். நீளமான வேலைக்கு நடுவுல இந்த ஒரு வரியைப் போட்டா, புரோகிராம் கொஞ்சம் நின்னு, வரிசையில காத்திருக்கிற மெசேஜையெல்லாம் கவனிச்சுட்டுத் திரும்பவும் வேலைக்குப் போகும். குடோன் படியில பாதி ஏறின ஆள், கவுன்ட்டர்ல யாராவது கூப்பிட்டா இறங்கி வந்து கவனிச்சுட்டு, திரும்ப ஏறுற மாதிரி.

நான் சேர்த்த வரி இதுதான்.

பத்து நாள் கழிச்சு அதே கடைக்காரர்கிட்ட இருந்து போன். இந்தத் தடவை சாஃப்ட்வேரைப் பத்திப் பேசலை. "தம்பி, கணக்குப்படி இருக்க வேண்டிய பணம் தினமும் கல்லாவுல குறையுது. கவுன்ட்டர் பையனை நிறுத்திட்டேன். அவன் பாஸ்வேர்டை மாத்திக் கொடுங்க."

பாஸ்வேர்டு மாத்தப் போன எங்க சீனியர் அண்ணன், சும்மா அந்த வாரத்துப் பில்களைப் புரட்டிப் பார்த்திருக்கார். ஒரே மருந்து, ஒரே தொகை, அடுத்தடுத்த நம்பர்ல ரெண்டு பில். ஒண்ணில்லை, நிறைய. எல்லாமே கூட்டமான சாயங்கால நேரத்துல.

என்ன நடந்திருக்குன்னா, முன்னாடி ஸ்க்ரீன் உறைஞ்சப்ப, பையன் பதற்றத்துல சேவ் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினாலும் ரெண்டாவது அழுத்தல் வரிசையில காத்திருக்கும். அதோட முறை வரும்போது முதல் பில் சேவ் ஆகி, ஃபார்ம் காலியாகியிருக்கும். காலி பில்லை எங்க புரோகிராம் ஏத்துக்காது. ஆபத்தில்லை. நான் டூஈவென்ட்ஸ் போட்டதும் அந்த ரெண்டாவது அழுத்தல் முதல் வேலைக்கு நடுவுலேயே உள்ள நுழைஞ்சிடுச்சு. ஃபார்ம்ல எல்லா மருந்தும் அப்படியே இருக்கு. ரெண்டாவது பில் முழுசா சேவ் ஆகும். அப்புறம் பாதியில நின்ன முதல் பில்லும் முடியும். பிரிண்டர்ல ரெண்டு சீட்டு வரும். பையன் அதை டூப்ளிகேட் காப்பின்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டிருக்கான். கணக்குல ரெண்டு விற்பனை, கல்லாவுல ஒரு பணம்.

இந்த மாதிரி ஒரே வேலை தனக்குள்ளயே திரும்ப நுழையலாம்னு மைக்ரோசாஃப்ட் கையேட்டுலேயே எச்சரிக்கை இருந்தது. நான் படிக்கலை.

அந்தப் பையன் எங்கன்னு கடைசியில சொல்றேன். இப்ப கேள்வி, இதுக்கு நல்ல வழி ஒண்ணு இல்லையா?

இருந்தது. 1993-ல விண்டோஸ் என்டி, 1995-ல விண்டோஸ் 95. இனிமே மைக் யாருகிட்ட இருக்கணும்னு ஆபரேட்டிங் சிஸ்டமே முடிவு பண்ணும். ஒரு புரோகிராம் உறைஞ்சாலும் மத்ததெல்லாம் ஓடும். விண்டோஸ் 95-ல பழைய 16 பிட் புரோகிராம்கள் மட்டும் பழைய முறையிலேயே இருந்தன. அதோட, ஒரு புரோகிராமுக்குள்ளேயே பல த்ரெட் வெச்சுக்கலாம். அதாவது குடோனுக்குப் போக தனியா ஒரு ஆள்.

ஆனா ஆளை வெச்சதும் புதுப் பிரச்சனை வந்தது. குடோன் ஆள் நேரா கவுன்ட்டருக்கு வந்து கல்லாவுல கை வெச்சா கணக்கு குழம்பும் இல்லையா? ஸ்க்ரீனும் அப்படித்தான். பல த்ரெட்கள் ஒரே நேரத்துல ஸ்க்ரீனைத் தொடுற மாதிரி டூல்கிட் உருவாக்க நிறைய பேர் முயற்சி பண்ணாங்க. சன் நிறுவனத்துல ஜாவாவுல வேலை செஞ்ச கிரஹாம் ஹாமில்டன் 2004-ல இதைப்பத்தி எழுதினப்ப, அது தோத்துப்போன கனவா இருக்குமோன்னு கேட்டார். காரணம் எளிமையானது. மவுஸ், கீபோர்டு செய்திகள் கீழ இருந்து மேல வருது. புரோகிராமோட கட்டளைகள் மேல இருந்து கீழ போகுது. ரெண்டும் எதிரெதிர் திசையில பூட்டு போட்டுக்கிட்டே வந்தா, நடுவுல முட்டிக்கிட்டு ரெண்டுமே நின்னுடும். அதனால ஜாவா ஸ்விங், விண்டோஸ் ஃபார்ம்ஸ் எல்லாத்துலயும் ஒரே விதிதான்: ஸ்க்ரீனை ஒரே ஒரு த்ரெட்தான் தொடணும்.

2005-ல டாட்நெட் 2.0 வந்தப்ப, வேற த்ரெட்ல இருந்து ஸ்க்ரீனைத் தொட்டா டீபக்கர்லயே எர்ரர் காட்டி நிறுத்திடும். பல பேர் என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்தச் சோதனையை அணைக்க ஒரு செட்டிங் இருக்கு, அதை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. நான் டூஈவென்ட்ஸ் போட்ட மாதிரியேதான். அறிகுறி போயிடும், நோய் உள்ளயே இருக்கும். அதே டாட்நெட் 2.0-ல பேக்ரவுண்ட் வொர்க்கர்னு முறையான ஒரு வழியும் இருந்தது.

இதுக்கு நடுவுல விண்டோஸ் எக்ஸ்பி ஒரு வேடிக்கையான வேலை பண்ணுச்சு. ஒரு புரோகிராம் 5 செகண்டா மெசேஜை எடுக்கலைன்னா, அந்த விண்டோவை மறைச்சுட்டு, அதே இடத்துல அதே அளவுல ஒரு பேய் விண்டோவை நிறுத்திடும். பேய்னு நான் சொல்லலை, மைக்ரோசாஃப்ட் வெச்ச பேரே அதுதான். நாட் ரெஸ்பாண்டிங்னு பார்க்கும்போது நீங்க நகர்த்துறதும் மூடுறதும் அந்தப் பேயைத்தான்.

2012-ல சி ஷார்ப் 5 வந்தது. ஏசிங்க், அவெய்ட்னு ரெண்டு சொல். "இந்த வேலையை அனுப்பு, முடிஞ்சதும் இதே இடத்துல இருந்து தொடரு"ன்னு சாதாரண கோட் மாதிரியே எழுதலாம். அதே வருஷம் விண்டோஸ் 8-க்கான புது நூலகத்துல, 50 மில்லிசெகண்டுக்கு மேல ஆகக்கூடிய வேலைகளை ஏசிங்க் முறையில மட்டும்தான் கொடுத்தாங்க. உறைய வைக்கிற வழியையே அடைச்சுட்டாங்க. அந்த ரெண்டு சொல்லும் 2015-ல பைத்தானுக்கும், 2017-ல ஜாவாஸ்கிரிப்டுக்கும் போச்சு.

இதுலயும் குழி இருக்கு. அவெய்ட் போட வேண்டிய இடத்துல "ரிசல்ட் இப்பவே கொடு"ன்னு நின்னா, கவுன்ட்டர் ஆள் மாடிப்படியில போய்க் குடோன் ஆளுக்காகக் காத்திருப்பார். குடோன் ஆள் மருந்தை ஒப்படைக்கக் கவுன்ட்டர்ல காத்திருப்பார். ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டாங்க. விண்டோ நிரந்தரமா உறைஞ்சிடும்.

இன்னைக்கு விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் எலக்ட்ரான்ல ஓடுற டெஸ்க்டாப் ஆப்கள். உள்ள ஜாவாஸ்கிரிப்ட். அங்கயும் ஸ்க்ரீனுக்கு ஒரே த்ரெட்தான். அதுல ஒரு பெரிய லூப்பை ஓட விட்டா 1985 திரும்ப வந்துடும்.

உங்கள்ல யாராவது இப்ப இந்த மாதிரி ஆப் எழுதிட்டிருந்தா, மூணு விஷயம். ஒண்ணு, நீளமான வேலையை ஸ்க்ரீன் த்ரெட்ல செய்யாதீங்க. ரெண்டு, சேவ் பட்டனை அழுத்தின அடுத்த நொடியே அதை அணைச்சிடுங்க, வேலை முடிஞ்சதும் திறங்க. மூணு, பில்லைத் திறக்கும்போதே அதுக்கு ஒரு நம்பர் ஒதுக்கிடுங்க. அதே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா டேட்டாபேஸே மறுக்கட்டும். ஸ்க்ரீன்ல என்ன தப்பு நடந்தாலும் கணக்கு தப்பாது.

அந்தப் பையன் கதைக்கு வரேன். நாங்க பில்களைக் காட்டினதும் கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரே அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். அவன் வரலை. அதுக்குள்ள வேற கடையில சேர்ந்துட்டான். அங்க சம்பளம் கம்மின்னு கேள்விப்பட்டேன். என் கோடுதான் காரணம்னு அவனுக்கு யாராவது சொன்னாங்களான்னு தெரியாது. நான் சொல்லலை. அந்தத் தெரு வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், உள்ள போய்ச் சொல்ற தைரியம் வரலை.

தம்பி, இந்த எபிசோடை நீ கேட்க நேர்ந்தா, பணம் எங்கயும் போகலை. தப்பு என்னோடது. மன்னிச்சுக்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.