பாப்லோ ஃபெரோ: படக்கதையிலிருந்து திரைத் தலைப்புக்கு

பாப்லோ ஃபெரோ (1935–2018) கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைத் தலைப்பு வடிவமைப்பாளர். காமிக்ஸ் ஓவியராகவும் அசைவூட்டக் கலைஞராகவும் பணியாற்றியவர். படக்கதைத் தாளில் பழகிய கையைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்ததே இவருடைய தனிச்சிறப்பு.

பின்னணி

படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியல் நெடுங்காலம் வெறும் சடங்காகவே இருந்தது. அமெரிக்கத் திரையரங்குகள் பலவற்றில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகுதான் திரைச்சீலையையே விலக்குவார்கள். 1955இல் வெளிவந்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்குச் சால் பாஸ் (1920–1996) அமைத்த தலைப்பு இந்நிலையை மாற்றியது. போதைக்கு அடிமையானவனின் கதைக்கு, கோணல்மாணலான ஒரு கையை அவர் அடையாளமாக்கினார். பெயர்கள் தொடங்கும் முன்பே திரைச்சீலையை விலக்க வேண்டும் என்ற குறிப்புடன் அப்படச்சுருள்கள் அனுப்பப்பட்டன. பாஸ் திறந்த இந்த வழியில் அடுத்த தலைமுறையில் வந்தவர் ஃபெரோ.

இளமையும் காமிக்ஸ் பணியும்

கியூபாவின் அந்தில்லா என்னும் ஊரில் பிறந்த ஃபெரோ, பன்னிரண்டு வயதில் குடும்பத்துடன் நியூயார்க் நகரில் குடியேறினார். பிரஸ்டன் பிளேர் எழுதிய நூலைப் பார்த்து அசைவூட்டத்தைத் தாமே கற்றுக்கொண்டார். 1950களின் நடுப்பகுதியில் அட்லஸ் காமிக்ஸ் நிறுவனத்துக்கு அறிவியல் புனைகதைகளை வரைந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஸ்டான் லீ. அந்த நிறுவனமே பின்னர் மார்வெல் ஆனது. டிஸ்னி படங்களில் பணியாற்றிய பில் டைட்லாவும் ஃபெரோவுக்கு வழிகாட்டினார். பின்னர் விளம்பரப் படங்களில் விரைந்து மாறும் காட்சித் துணுக்குகளைக் கொண்டு பெயர் பெற்றார்.

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்

இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) இவருக்குப் பெரும்புகழ் தந்தது. குண்டுவீச்சு விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் காட்சியின் மேல் பெயர்கள் தோன்றுகின்றன. அச்செழுத்தைப் பயன்படுத்தினால் எழுத்து விமானத்தை மறைக்கும். அல்லது மிகச் சிறிதாகிவிடும். ஃபெரோ மெல்லிய கோடுகளால் நெட்டையும் குட்டையுமாகக் கையாலேயே எழுதித் திரை முழுவதையும் நிரப்பினார். எழுத்தும் தெரிந்தது, விமானமும் தெரிந்தது. ‘பேஸ்டு ஆன்’ என்பதை ஓர் எழுத்து விட்டு ‘பேஸ் ஆன்’ என்று எழுதிவிட்டார். அந்தப் பிழை இன்றும் படத்தில் அப்படியே இருக்கிறது. கையெழுத்து என்பதற்கு அதுவே சான்றாகவும் நிற்கிறது.

ஒரே திரையில் பல கட்டங்கள்

‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ (1968) படத்தில் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் நடப்பவற்றை ஒரே நேரத்தில் காட்டினார். காமிக்ஸ் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரு பக்கத்தில் பல கட்டங்கள் இருக்கும். கண் முழுப் பக்கத்தையும் பார்க்கும், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தும் படிக்கும். அந்தப் பக்கம் அசைந்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தன அந்தக் காட்சிகள். அதே ஆண்டு வெளிவந்த ‘புல்லிட்’ படத்தின் தலைப்பும் இவருடையதே. ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ (1984), ‘மென் இன் பிளாக்’ (1997) ஆகியவற்றில் அவருடைய நெட்டை எழுத்துகள் மீண்டும் வந்தன. ‘சைக்கோ’ படம் 1998இல் மறுஆக்கம் செய்யப்பட்டபோது, சால் பாஸ் 1960இல் அமைத்த தலைப்பைப் புதிய படத்துக்கு ஏற்ப அமைத்தவரும் ஃபெரோவே.

மறைவு

2018 நவம்பர் 12 அன்று ஸ்டான் லீ மறைந்தார். நான்கு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, அரிசோனா மாநிலத்தின் செடோனாவில் ஃபெரோ தமது 83ஆம் வயதில் காலமானார். லீயின் மறைவை உலகமே பேசியது. ஃபெரோவை அறிந்தவர்கள் குறைவு. பிறர் பெயர்களைத் திரை நிறைய எழுதிய அந்தக் கையின் சொந்தக்காரர் பெயரும் நினைவில் நிற்க வேண்டியதே.