நொய்யல்ல கரைஞ்ச உப்பு

நம்ம கணபதியிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனா திருப்பூர். அதையும் தாண்டிப் போனா, நொய்யலுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல பாசனத்துக்காகத் திறந்த அணை அது. கொஞ்ச வருஷத்துல, "இந்தத் தண்ணியத் திறக்காதீங்க"ன்னு விவசாயிகளே சொல்ல வேண்டிய நிலை வந்துச்சு. அது ஏன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

எல்லாரும் சாயத்தைத்தான் சொல்வாங்க. நான் உப்பைச் சொல்றேன். தண்ணியில நனைஞ்ச பருத்தி நூலுக்கும், பனியன் துணிக்குப் போடுற சாயத்துக்கும் ஒரே எதிர்மின்சுமை. ஒன்னை ஒன்னு தள்ளும். உப்புப் போட்டாத்தான் சாயம் நூல்ல ஏறும். நிறத்தைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரைக்கும் போடுவாங்க. கடல் தண்ணியிலயே சுமார் 35 கிராம்தானுங்க இருக்கு! போட்ட உப்பு துணியில தங்காது, கழிவுத் தண்ணியோட வெளியே போயிடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தைப் படிய வைக்கலாம். கரைஞ்ச உப்பு அப்படிப் படியாது.

உப்பு கரைஞ்சா தண்ணியோட குணமே மாறிடுது. 1877-ல பெஃபர்ங்கிற ஜெர்மன் தாவரவியல் அறிஞர், சர்க்கரைக் கரைசலோட சவ்வூடு அழுத்தத்தை அளந்தார். அந்த எண்களை வச்சு வான்ட் ஹாஃப் ஒரு விதி சொன்னார்: என்ன கரைஞ்சிருக்குங்கிறதை விட, எத்தனை துகள் கரைஞ்சிருக்குங்கிறதுதான் முக்கியம். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-ல, அவருக்குத்தான். சாப்பாட்டு உப்பு தண்ணியில ரெண்டு துகளாப் பிரியும். மண்ணுல உப்பு ஏற ஏற, வேரால தண்ணியை இழுக்க முடியாது. ஈரத்துல நின்னுக்கிட்டே பயிர் வாடும்.

2006-ல சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாதுன்னு சொல்லுச்சு. அது நடக்காததால, 2011 ஜனவரி 28-ல திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு போட்டுச்சு. பல குடும்பங்களுக்கு வேலை போச்சு.

அப்புறம் வந்த தீர்வும் அதே விதியோட மல்லுக்கட்டுறதுதான். ஆர்.ஓ.வுல, சவ்வூடு அழுத்தத்தை மிஞ்சுற அழுத்தம் கொடுத்தாத்தான் நல்ல தண்ணி பிரியும். மிஞ்சுற கெட்டியான உப்புத் தண்ணியைக் காய்ச்சணும். அது 100 டிகிரியில கொதிக்காது. உப்பு முழுசா கரைஞ்ச நிலையில 108 டிகிரிக்கு மேல போகும். அதனால காத்தழுத்தத்தைக் குறைச்சுக் காய்ச்சுறாங்க. மீட்ட உப்பு மறுபடியும் சாயத்தொட்டிக்கே போகுது.

உப்பைக் கரைக்கக் கை போதும். பிரிச்செடுக்க பம்பும் பாய்லரும் வேணும். ரொம்ப வருஷமா அந்தச் செலவு, ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த விவசாயி தலையில விழுந்துச்சுங்க.