பழைய விமான எஞ்சினில் எண்ணெய் கசிந்தால்?

டைகர் மாத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தை நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏராளமான விமானிகள் முதன்முதலில் பறக்கக் கற்றது இதில்தான். இதன் மூக்கில் இருப்பது ஜிப்சி மேஜர் எஞ்சின். டி ஹாவிலாண்ட் நிறுவனம் 1932-இல் கொண்டு வந்தது. நான்கு சிலிண்டர், 130 குதிரைத்திறன், காற்றாலேயே குளிரும் வகை. பிரிட்டனில் இன்றும் இவை பறக்கின்றன, இன்றும் எண்ணெய் சொட்டுகின்றன. "கீழே சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்பது பழைய எஞ்சின்காரர்களின் வேடிக்கைப் பேச்சு. பாதி உண்மைதான். மறுபாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

இந்த எஞ்சின் தலைகீழானது. கிராங்க் ஷாஃப்ட் மேலே இருக்க, சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். புரொப்பெல்லர் தரையிலிருந்து உயரமாக நிற்கவும், விமானிக்கு முன்புறம் நன்றாகத் தெரியவும் செய்த ஏற்பாடு இது. எண்ணெய்த் தொட்டி தனியாக, விமான உடலின் இடப்பக்கம் வெளியே இருக்கிறது. வால்வுகளை இயக்கும் ராக்கர் பகுதி எல்லாவற்றுக்கும் அடியில், மூடிகளுக்குள் எண்ணெயிலேயே இருக்கும். எங்கே கசிந்தாலும் எண்ணெய் வழிந்து வந்து சேருமிடம் அந்த மூடிகள்தாம். எனவே, ஈரமாகத் தெரியும் மூடியைப் பார்த்தவுடன் அதன் கேஸ்கட்டை மாற்றுவது பலர் செய்யும் தவறு.

சரியான வழி எது? முதலில் எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். சந்தேகமான இடங்களில் வெள்ளைப் பவுடரைத் தூவி, தரையிலேயே சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தால் பவுடரில் கறை தெரியும். பறக்கும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துச் செல்லும், பிறகு அது கீழே இறங்கும். ஆகவே, ஈரம் உள்ளவற்றில் மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கும் புள்ளியிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

வழக்கமான குற்றவாளிகள் சில உண்டு. ராக்கர் மூடியின் கார்க் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருக்கலாம். கசிகிறதே என்று நட்டை மேலும் இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடத்தான் செய்யும். புஷ்ராடு குழாய்களின் ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகிப் போகும். எண்ணெய்க் குழாய் இணைப்புகள் அதிர்வில் தளரும்.

மாற்றிய சீல் மறுபடியும் கசிந்தால் சீலைக் குறை சொல்வதில் பயனில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் புகுந்து அழுத்தத்தைக் கூட்டும். அது வெளியேற வேண்டிய மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும் இதே கதிதான். உள்ளிருக்கும் அழுத்தம் எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். முதலில் மூச்சுக்குழாயையும், பிறகு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் பார்ப்பதே முறை.

பல நாள் நிறுத்தி வைத்த எஞ்சினில் வேறொரு சிக்கல். எண்ணெய் மெல்லப் பிஸ்டனைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வருவதோடு போனால் நல்லது. நிறையத் தேங்கியிருந்தால், திரவம் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதனால்தான் மேக்னட்டோ சுவிட்சுகளை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் எஞ்சின் உயிர்பெறலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அதைத் தொட வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு மட்டுமான வேலை இது. கை தடுக்கப்பட்டால் பலவந்தம் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும்.

எந்தக் கசிவோடு பறக்கக் கூடாது? நேற்றுவரை சில சொட்டுகள், இன்று திடீரென ஓடுகிறது என்றால். எண்ணெய் சூடான புகைக்குழாயில் படுகிறது என்றால் (தீப்பிடிக்கும்). எண்ணெய் அழுத்தமானி இறங்குகிறது என்றால். உலோகத்தில் முடி போன்ற கோடு தெரிகிறது என்றால். அது விரிசலாக இருக்கக்கூடும். இவற்றில் ஒன்று இருந்தாலும், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும்வரை விமானம் கொட்டகையிலேயே நிற்க வேண்டும். திடீர் மாற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறையும் எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம், எத்தனை மணி நேரம் பறந்தோம் என்று எழுதி வைத்த நோட்டு தேவை. பழுது பார்த்த பிறகும் ஒரு குறுகிய சுற்றுப் பறந்து இறங்கி, மூடியைத் திறந்து, அதே இடத்தை மறுபடி பார்க்கிறார்கள்.