கட்டியில் எந்த இடத்துத் துண்டு?

மூளைக் கட்டிக்கு வகை சொல்லும் தொழிலுக்கு ஏறக்குறைய நூறு வயது. 1926இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளையோமா கட்டிகளை, நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் சாயலை வைத்து வகை பிரித்தார்கள். எந்த வகைக்காரர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதையும் கூடவே எழுதினார்கள். நம் பக்கத்தில் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. அறுவை நடந்தால் கட்டி வெளியே வரும். வந்த கட்டியைப் படிக்க ஆள் வேண்டும்.

அப்படிப் படிப்பவர்களுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்தவள் நான். இன்று புனே விமான் நகரில் மகன் வீட்டில் இருந்தாலும், சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஃபார்மலின் டப்பாக்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஒரே கட்டி ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் வழவழவென்றிருக்கும். இன்னோரிடத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். நடுவில் செத்த திசு மஞ்சளாகக் குழைந்து கிடக்கும். "மூணுலயும் பிட் எடும்மா. நல்லா இருக்கற இடத்த மட்டும் போட்டா நல்ல ரிப்போர்ட்டுதான் வரும்" என்பார் எங்கள் மேடம். எடுத்த பிட்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் சீவி, வெந்நீரில் மிதக்கும் ரிப்பனைச் சுருக்கமில்லாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். கட்டியின் மிக மோசமான இடம் எதுவோ அதுதான் கிரேடைத் தீர்மானிக்கும். அதனால் பிட் எடுக்கும் கைக்குப் பெரிய பொறுப்பு உண்டு.

2005இல் இந்தத் தொழிலின் போக்கே மாறியது. டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே, மீதைல் என்னும் சிறு வேதித் தொகுதி மேலே ஒட்டிக்கொண்டு ஒரு மரபணுவை வாயடைத்துவிடும். டெமோசோலோமைடு மருந்து செல்லுக்குச் செய்யும் சேதத்தைப் பழுதுபார்ப்பது எம்.ஜி.எம்.டி. மரபணு. அது வாயடைந்திருந்தால் மருந்து பலிக்கும். மோனிகா ஹெகி குழுவினர் கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கிளையோமா வந்த 206 நோயாளிகளின் கட்டிகளைப் பார்த்தார்கள். மீதைல் ஏறியவர்களில், கதிர்வீச்சோடு மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சை மட்டும் கொண்டு தொடங்கியவர்களுக்கு 15.3 மாதம். அந்த ஆறு மாதத்தில் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிடலாம், ஒரு பேரக்குழந்தையைத் தூக்கிவிடலாம்.

2013இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து, ஒன்பது மரபணுக்களின் மீதைல் நிலையை வைத்து நோயின் போக்கைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். நம் நாட்டு நோயாளிகள் கொடுத்த கட்டிகளிலிருந்து பிறந்த அறிவு அது. எனக்கு அதில் பெருமை உண்டு. 2018இல் ஹைடெல்பர்க் குழு, மீதைல் பதிவை மட்டும் கொண்டு மூளைக் கட்டிகளை 82 வகுப்புகளாகப் பிரித்துக் காட்டியது.

அதே வருடம் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வுதான் மேடத்தை எனக்கு ஞாபகப்படுத்தியது. 112 நோயாளிகளின் முதல் கட்டியையும், திரும்ப வந்த கட்டியையும் பழைய மெழுகு பிளாக்குகளிலிருந்தே எடுத்துப் படித்தார்கள். காலம் போகப் போக மீதைல் பதிவு மாறியிருந்தது. ஒரே கட்டிக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. அடுத்த வருடம் சுவீடன்காரர்களும், ஒரு கட்டியின் வெவ்வேறு மூலைகள் வெவ்வேறு வகையில் விழக்கூடும் என்று கண்டார்கள். கருவி எவ்வளவு நுட்பமானாலும், கொடுத்த துண்டைத்தானே படிக்கும்?

போன மாதம் எங்கள் சொசைட்டியில் ஒரு பையன் தன் அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்து வந்தான். எம்.ஜி.எம்.டி.யில் மீதைல் இல்லை என்று போட்டிருந்தது, வீடே இடிந்துபோயிருந்தது. அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. "எத்தனை பிளாக் இருக்கு, எதுல பார்த்தாங்கன்னு மட்டும் டாக்டர்கிட்ட கேளு தம்பி" என்றேன். நான்கு பிளாக் இருக்கிறதாம், சோதித்தது ஒன்றை. இரண்டாவதையும் அனுப்ப டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.